யூனிவர்சிட்டில செமினார் நடத்தப் போறீங்களா? கைக்காசை எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

யூனிவர்சிட்டியிலயோ காலேஜ்லயோ புதுசா வேலைக்குச் சேர்ந்து, "இந்த வருஷம் தேசியக் கருத்தரங்கம் நீங்க பாத்துக்கங்க"ன்னு உங்க தலையில பொறுப்பை வச்சிருக்காங்கன்னா இது உங்களுக்காகத்தான். எனக்கு 2023ல அப்படித்தான் வந்துச்சு. ரெண்டு நாள் செமினார், முதல் நாள் சாயங்காலம் வெளி ஆளுங்களும் வந்து கேக்கற மாதிரி ஒரு அறக்கட்டளைச் சொற்பொழிவு. நிகழ்ச்சி நல்லாவே நடந்துச்சு, இப்ப நினைச்சாலும் மனசு நிறைஞ்சுதான் இருக்கு. ஆனா அதுக்காக நான் கையிலேர்ந்து போட்ட 1,92,000 ரூபாய் முழுசா திரும்பி வரவே இல்ல, வந்ததும் ஒன்றரை வருஷம் இழுத்துக்கிட்டு வந்துச்சு, நடுவுல என் வளையலும் தாலிச் செயினும் ஆறு மாசம் பேங்க்ல அடமானத்துல கிடந்துச்சு. முன்னாடியே ஒருத்தர் உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசியிருந்தா இதுல முக்கால்வாசி நடந்திருக்காது.

நான் வரலாற்றுத் துறையில தொகுப்பூதியத்துல வேலை பாக்கறேன், நிரந்தரம் இல்ல. தலைப்பு தமிழகத்து ஏரிப் பாசனமும் கல்வெட்டுகளும். டெல்லியில இருக்கற ஒரு மத்திய நிறுவனத்துக்கு நல்கை, அதாவது செமினாருக்கான நிதியுதவி, கேட்டு எழுதிப் போட்டிருந்தோம், ஜனவரி நடுவுல அனுமதிக் கடிதம் வந்துச்சு. மொத்தம் 2,00,000 ரூபாய், பாதி முதல் தவணை, மீதி கணக்கெல்லாம் ஒப்படைச்ச பிறகு, மார்ச் 31க்குள்ள நிகழ்ச்சியை முடிச்சிரணும். டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் ஸ்வீட் எடுத்து கொண்டாடினோம். அந்தக் கடிதத்துல பணம் எந்தத் தேதியில வரும்னு எங்கயுமே இல்லங்கறதை யாரும் கவனிச்சு சொல்லல. மாணவர்களுக்கு ஏப்ரல்ல செமஸ்டர் தேர்வு, மார்ச்ல ஆடிட்டோரியம் வேற துறைக்குப் போயிருச்சு, அதனால பிப்ரவரி கடைசி வாரம்னு முடிவாச்சு. பணம் வரல. ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) சார் சொன்னாரு, "நீங்க போட்டுப் பண்ணுங்கம்மா, வந்ததும் எடுத்துக்கலாம்". அவர் ரொம்ப நல்ல மனுஷன், அவர் காலத்துல இருபதாயிரம் ரூபாய்ல செமினார் நடந்துச்சு, எல்லாரும் அப்படித்தான் கைக்காசு போட்டு எடுத்தாங்க. இப்ப அந்தத் தொகை பத்து மடங்கு ஆயிருச்சு, பழக்கம் மட்டும் மாறல.

சேமிப்பு 70,000 எடுத்தேன், நகையை வச்சு 90,000 வாங்கினேன், தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட 32,000. தங்கச்சிகிட்ட போன்ல கேட்டப்ப குரல் அடங்கிப் போச்சு, ஏன்னா அவங்க வீட்ல அப்பதான் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டற நேரம். வீட்ல இவர் ஒண்ணும் சொல்லல, "யூனிவர்சிட்டி காசுக்கு நம்ம நகையா?"ன்னு மட்டும் கேட்டாரு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

இங்கதான் முதல் விஷயம். தற்காலிக முன்பணம்னு ஒண்ணு இருக்கு. அனுமதிக் கடிதத்தோட நகலை வச்சு, வரப்போற நல்கையிலேர்ந்து ஈடு கட்டிக்கறோம்னு குறிப்பு எழுதி, பதிவாளர் வழியா நிதி அலுவலருக்கு அனுப்பினா பல பல்கலைக்கழகங்கள்ல பொது நிதியிலேர்ந்து முன்பணம் தருவாங்க. எங்க இடத்துலயும் அது உண்டுங்கறது எல்லாம் முடிஞ்ச பிறகு அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருக்கற ஒரு அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. ஆனா அந்த முன்பணம் நிரந்தரப் பணியில இருக்கறவங்க பேர்லதான் வரும், என் மாதிரி ஆளுங்க பேர்ல தரமாட்டாங்க. அதனால நீங்க தற்காலிகப் பணியில இருந்தா காசு விஷயத்துல முன்னாடி நிக்கவே நிக்காதீங்க. வேலை எவ்ளோ வேணா செய்யுங்க, பணத்தைப் பேப்பர்ல யார் ஒருங்கிணைப்பாளரோ அவங்க எடுக்கட்டும். எங்க கதையில பேப்பர்ல ஒருங்கிணைப்பாளர் ஹெச்.ஓ.டி., ஓடினதும் காசு போட்டதும் நான், பில் பூரா அவர் பேர்ல. அவர் மே மாசம் ரிட்டயர் ஆயிட்டாரு. புதுசா வந்த தலைவர் பேருக்கு மாத்தச் சொல்லி ஒரு ஃபைல், அதுக்கு டெல்லியிலேர்ந்து ஒப்புதல், அப்படியே போச்சு. யார் பொறுப்புல நடக்குதோ அவங்க ஓய்வு பெறற தேதியையும் முதல் நாளே கேட்டு வச்சுக்கங்க, இதுல கூச்சமே வேண்டாம்.

பேச்சாளர்கள் விஷயத்துக்கு வர்றேன். மொத்தம் எட்டு பேர் வெளியூர். நம்ம பழக்கம் என்ன, பேசி முடிச்சதும் பொன்னாடை போர்த்தி, கவர்ல வச்சு மரியாதையாக் கையில குடுக்கறது. விதி அப்படி இல்ல, மதிப்பூதியம் அவங்க வங்கிக் கணக்குக்குத்தான் போகணும், பான் கார்டு நகல் வேணும், பயணச்சீட்டு நகல் வேணும், கையெழுத்துப் போட்ட ரசீது வேணும், ரசீது 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து. எழுபது வயசு தாண்டின ஒரு பெரியவர்கிட்ட, அவர் பேச்சைக் கேட்டு நான் கண் கலங்கி நிக்கறப்ப, "ஐயா உங்க பான் கார்டு"ன்னு எப்படிக் கேக்கறது? கேக்கல. அப்புறம் மூணு மாசம் கழிச்சு போன் பண்ணிக் கேட்டேன், அது இன்னும் மோசமா இருந்துச்சு. இதுக்கு ஒரு வழி இருக்கு. அழைப்புக் கடிதம் அனுப்பறப்பவே கூட ஒரு பக்கப் படிவம் வச்சிருங்க, பேர், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பான், எதுல வர்றீங்க எல்லாம் அதுலயே. கடிதத்தோட சேர்ந்து வந்தா அது அலுவலக வழக்கம், யாரும் சங்கடப்பட மாட்டாங்க. இப்ப நான் அப்படித்தான் செய்யறேன், எல்லாரும் மறுநாளே நிரப்பி வாட்ஸ்அப்ல அனுப்பிடறாங்க.

எந்த வகுப்பு டிக்கெட் வரைக்கும் தருவோம்ங்கறதையும் அந்தக் கடிதத்துலயே எழுதிருங்க. எங்களுக்கு வந்த ஒருத்தர் விமானத்துல வந்தாரு, நல்கை விதிப்படி செகண்ட் ஏசி ரயில் கட்டணம்தான், வித்தியாசம் 5,200 ரூபாய் என் தலையில. விமானம்னா போர்டிங் பாஸ் கண்டிப்பா கேப்பாங்க, அவர் அதைக் குப்பையில போட்டுட்டாரு. நல்லவேளை, விமானக் கம்பெனிகிட்ட எழுதிக் கேட்டா பயணம் செஞ்சதுக்குச் சான்று தர்றாங்க, அதை வாங்கி ரயில் கட்டணம் அளவாவது மீட்டோம். ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்த டாக்ஸிக்கு ட்ரிப் ஷீட் இல்ல, 4,800 போச்சு. டிரைவர் அண்ணன் வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்ததை வச்சிருந்தேன், வண்டி நம்பர் இல்ல, கிலோமீட்டர் இல்ல, அதை ஏத்துக்கல. நினைவுப் பரிசுக்கு 4,000, அது அனுமதிக் கடிதத்துல இருக்கற செலவுத் தலைப்புலயே இல்லன்னு அடிச்சுட்டாங்க. பெரிய அடி சாப்பாட்டுலதான். கேட்டரிங் பண்ணினவர் பக்கத்து ஊர்ல மெஸ் வச்சிருக்கறவர், அருமையான சாப்பாடு, வத்தக்குழம்பை இன்னைக்கும் வந்தவங்க சொல்றாங்க, ஆனா ஜி.எஸ்.டி. எண் கிடையாது, பில் கையால எழுதினது. ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னு இருந்த வரம்பும் தாண்டியிருந்துச்சு. 9,500 வெட்டினாங்க. எல்லாம் சேத்து 23,500 ரூபாய் திரும்பி வரவே வராதுன்னு ஆச்சு. அந்தத் தாளைப் பாத்த அன்னைக்கு பஸ்ல வர்றப்ப அழுதேன், ஏன்னா அதுல ஒரு ரூபாய் கூட நான் எனக்குன்னு செலவு பண்ணல.

அதனால அனுமதிக் கடிதம் வந்ததும் அதை ஒரு தடவை சந்தோஷத்துல படிங்க, இன்னொரு தடவை செலவுத் தலைப்பு மட்டும் பாத்துப் படிங்க. எந்தத் தலைப்புல எவ்ளோ, எது இல்லவே இல்ல, கொட்டேஷன் எத்தனை வேணும், பில்லு யார் பேர்ல இருக்கணும். துறை பேர், பதவிப் பேர் ரெண்டும் பில்லுல இருக்கற மாதிரி எழுதச் சொல்லுங்க, வெறும் ஆள் பேர் போட்டா அவர் ஓய்வு பெற்றதும் சிக்கல். நினைவுப் பரிசுக்கு எடமில்லன்னா வேண்டாம், ஒரு நல்ல புத்தகம் துறை நூலகத்துலேர்ந்து உபரிப் பிரதி இருந்தா குடுங்க, யாரும் குறை சொல்லப்போறதில்ல.

அறக்கட்டளைச் சொற்பொழிவு பத்திக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அதுதான் எனக்கு உசுரு. எங்க துறையில ஒரு பழைய பேராசிரியர் குடும்பம் 1994ல ஒரு லட்சம் ரூபாய் வைப்பு நிதியாப் போட்டாங்க, அதோட வட்டியில வருஷா வருஷம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடக்கணும்னு. அப்ப வங்கி வட்டி 10 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு, அந்தக் காசுல பேச்சாளருக்கு மரியாதை, அழைப்பிதழ், டீ வடை எல்லாம் போக பேச்சைச் சின்னப் புத்தகமாவே போட்டிருக்காங்க. இப்ப அதே ஒரு லட்சத்துக்கு 6,500 ரூபாய் வருது. விலைவாசி எங்கயோ போயிருச்சு, வட்டி குறைஞ்சு போச்சு. தமிழ்நாட்டுல பல பல்கலைக்கழகங்கள்ல அறக்கட்டளைப் பொழிவுகள் பேரளவுக்கு நடக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கறேன். யாராவது உங்ககிட்ட புதுசா அறக்கட்டளை வைக்க வந்தா வட்டியில ஒரு பகுதியை மூலதனத்துலயே சேக்கற மாதிரி ஷரத்து எழுதச் சொல்லுங்க. இருக்கற அறக்கட்டளைன்னா செமினாரோட சேத்து நடத்துங்க, பயணச் செலவு மிச்சம். நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

பேசினவர் தொல்லியல் துறையில ஓய்வு பெற்ற ஒரு அம்மா. உத்திரமேரூர் கல்வெட்டு பத்திப் பேசினாங்க, முதலாம் பராந்தகன் காலத்துது, 919, 921ஆம் வருஷம். குடவோலை பத்தி எல்லாருக்கும் தெரியும், அந்தம்மா அதுல நிக்காம ஏரி வாரியத்துக்குப் போனாங்க. ஆறு பேர் கொண்ட வாரியம், 360 நாள் பதவி, ஏரியைப் பாத்துக்கறதுதான் வேலை. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவங்க மறுபடி நிக்கக்கூடாது, அவங்க நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்கக்கூடாதுன்னு கல்லுல வெட்டி வச்சிருக்காங்கன்னு அந்தம்மா படிச்சுக் காட்டறப்ப அரங்கத்துல சத்தமே இல்ல. பொதுக் காசுக்குக் கணக்கு கேக்கறது தப்பில்லன்னு எனக்கு அப்பவும் தெரியும் இப்பவும் தெரியும். கணக்கு எப்படி எழுதணும்னு முன்கூட்டியே சொல்லிக் குடுங்கன்னுதான் கேக்கறேன்.

அன்னைக்கு நடந்த இன்னொண்ணு. பொதுப்பணித்துறையில ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினியர் ஐயா பேப்பர்ல "இன்றைய நிகழ்ச்சிகள்" பாத்துட்டு டவுன் பஸ் ஏறி வந்திருக்காரு. கேட்ல செக்யூரிட்டி ஐ.டி. கார்டு இல்லாம விடமாட்டேன்னு நிறுத்திட்டாங்க. அவர் பாதிப் பேச்சுக்கு அப்புறம்தான் உள்ள வந்தாரு. கேள்வி நேரத்துல எந்திரிச்சு குமிழித் தூம்பு, அதாவது ஏரித் தண்ணியைத் திறந்து விடற பழைய மதகு, பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசினாரு பாருங்க, ஏரிக்கு உள்ள கரையிலேர்ந்து தள்ளி ரெண்டு கல்தூண் நிக்குமே, அதுக்குக் கீழ தொட்டி, மேல நீரோடித் துளை, அடியில சேறோடித் துளை, தண்ணி போற வேகத்துல வண்டலும் சேர்ந்து வெளிய போயிரும்னு கையாலயே வரைஞ்சு காட்டினாரு. என் மாணவர்கள் அதுவரைக்கும் அந்தத் தூணைக் கபடி ஆடறப்ப எல்லைக்கல்லாத்தான் பாத்திருக்காங்க. ரெண்டு பேர் அதையே முதுகலை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கிட்டாங்க. பொதுச் சொற்பொழிவுன்னா இதுக்குத்தான, வெளியிலேர்ந்து வர்ற ஒரு ஆள் நம்ம வகுப்பறையில இல்லாத அறிவைக் கொண்டு வர்றது. அந்த ஆளைக் கேட்லயே நிறுத்தினா எப்படி? அதனால பொது நிகழ்ச்சின்னா ரெண்டு நாள் முன்னாடியே பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்துல கடிதம் குடுத்து, அழைப்பிதழ் நகலை கேட்ல ஒட்டி, ஒரு மாணவரை அங்க நிக்க வைங்க. மாவட்ட மைய நூலகத்துல போஸ்டர் ஒட்டுங்க, பேப்பர் ஆபீஸ்ல குறிப்பு குடுங்க, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குன்னு பாத்து அதுக்கு அரைமணி முன்னாடி முடிங்க. தமிழ்த்தாய் வாழ்த்தை ஸ்பீக்கர்ல போடாம மாணவர்களைப் பாட வைங்க, 2021 டிசம்பர்ல வந்த அரசாணையும் அதைத்தான் சொல்லுது.

திரும்பப் பணத்துக்கு வர்றேன். முதல் தவணை 1,00,000 மார்ச் கடைசியில பல்கலைக்கழகக் கணக்குக்கு வந்துச்சு, உடனே நிதியாண்டு முடிஞ்சுது, புது வருஷத்துல மறுபடி அனுமதி வாங்கணும்னாங்க, அதுக்குள்ள ஹெச்.ஓ.டி. ரிட்டயர்மெண்ட். ஜூலையிலதான் என் கைக்கு வந்துச்சு, வட்டி மீட்டரை நிறுத்தற மாதிரி முதல்ல நகையை மீட்டேன், வட்டி மட்டும் நாலாயிரத்துச் சொச்சம். மீதிக்குப் பயனீட்டுச் சான்றிதழ், அதாவது குடுத்த பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவு பண்ணினோம்னு காட்டற சான்று, அனுப்பணும், மத்திய அரசோட ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம். அதுல சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் கையெழுத்தோட யூ.டி.ஐ.என். எண், அவர் கையெழுத்துப் போடற ஒவ்வொரு சான்றுக்கும் தனியா வர்ற 18 இலக்க அடையாள எண், இருக்கணும். எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல அதைப் போடாமக் குடுத்துட்டாங்க, டெல்லியிலேர்ந்து திரும்பி வந்துச்சு. திருத்தி அனுப்பினா அடுத்த கேள்வி, முதல் தவணை உங்க கணக்குல இத்தனை மாசம் இருந்துச்சே, அதுக்கு வந்த வட்டி எங்க? மத்திய அரசு நல்கைக்கு வர்ற வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்டணும், பாரத்கோஷ்ங்கற மத்திய அரசு இணையதளம் வழியா. வட்டி சில நூறு ரூபாய்தான், அதைக் கணக்குப் போட்டு வங்கியிலேர்ந்து சான்று வாங்கறதுக்கே ரெண்டு மாசம். நீங்க முதல் தடவை அனுப்பறப்பவே சான்றிதழ், வரவு செலவு அறிக்கை, யூ.டி.ஐ.என்., வட்டி கட்டின ரசீது, பங்கேற்பாளர் கையெழுத்துப் பட்டியல், புகைப்படம், அறிக்கை எல்லாம் ஒரே கட்டா அனுப்புங்க. எல்லாத்துக்கும் ஸ்கேன் ஒரு பிரதி உங்க சொந்த மெயில்ல. ஒரு ஃபைல் ரெண்டு தடவை காணாமப் போச்சு, ஸ்கேன் இருந்ததாலதான் பிழைச்சேன். மிச்சம் 68,500 ரூபாய் 2024 ஆகஸ்ட்ல வந்துச்சு. தங்கச்சிக்கு அன்னைக்கே அனுப்பிட்டேன்.

இன்னும் சில சில்லறை விஷயம். பதிவுக் கட்டணம் வாங்கறதா இருந்தா உங்க சொந்த ஜிபே நம்பர்ல வாங்காதீங்க, அது வரவுக் கணக்குல வந்தாகணும், எங்களுக்குக் கட்டணமே கூடாதுன்னு விதி இருந்துச்சு. கட்டுரைகளை யூனிகோடுல மட்டும் கேளுங்க, தமிழக அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சதே 2010ல, இன்னமும் பாமினி, வானவில்னு பழைய எழுத்துருக்கள்ல வருது, என்.எச்.எம். கன்வர்ட்டர்ல போட்டு மாத்தி மாத்தி ஒற்று எழுத்தெல்லாம் சரி பாக்கறதுல என் கோடை விடுமுறை முழுக்கப் போச்சு. தொகுப்பு நூல் போட ஒரு பதிப்பகத்துல ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகத்துக்குத் தர்ற அடையாள எண்ணுக்குன்னே தனியா 6,000 ரூபாய் கேட்டாங்க. இந்தியாவுல அந்த எண் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில இணையம் வழியா நாமளே விண்ணப்பிக்கலாம். நாங்க துறை பேர்லயே வாங்கினோம்.

அப்புறம் பேச்சைப் பதிவு பண்ணுங்க. போன் போதும், ஆனா ஒலியை மேடை மைக் மிக்ஸர்லேர்ந்து நேரா எடுங்க, இல்லன்னா ஃபேன் சத்தம்தான் கேக்கும். பேச்சாளர்கிட்ட பதிவேத்தறதுக்கு சம்மதம் அந்த ஒரு பக்கப் படிவத்துலயே ஒரு கட்டம் வச்சு வாங்கிக்கலாம். இந்த வருஷ அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அந்த இன்ஜினியர் ஐயாவையே கேட்டிருக்கோம். முன்பணத்துக்கான குறிப்பு புது ஹெச்.ஓ.டி. மேடம் பேர்ல நிதி அலுவலர் மேசையில இருக்கு, அது கையெழுத்தாகி வர்ற வரைக்கும் அழைப்பிதழ் அச்சுக்குப் போகாதுன்னு மேடத்துக்கிட்ட தெளிவாச் சொல்லிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க.